பருப்புத் தேங்காயால் அடித்த கேஸ்

என் அப்பா என் மாமனாரை அடித்தது என் கல்யாணத்தின் நான்காம் நாள் காலையில். அடித்தது பருப்புத் தேங்காயால். பிற்காலத்தில் பம்பாயில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வறுத்த கடலையை வெல்லப் பாகில் புரட்டி, தகரக் கூம்பில் இறுக்கி அடைத்து, ஆறியதும் உருவி எடுத்து, ஜோடியாக மணையில் வைப்பார்களே, அந்த மங்கலப் பண்டத்தால் ஒரு மனுஷனின் நெற்றியைப் பிளக்க முடியுமா என்று கேட்டார்கள். பாகு கிண்டியது என் அத்தையாக இருந்தால் முடியும்.

அப்போது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பா ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் தலைமை ஆபீஸில், குமாஸ்தா. கரமனை அக்கிரகாரத்தில் வீடு. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டதால், அப்பாவின் அக்காதான் வீட்டை ஆண்டாள். மாமனார் ஆரியசாலையில் ஒரு மிளகாய் மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். அப்பாவும் அந்த விஷயத்தில் அவருக்கு இளைத்தவர் இல்லை. ஜாதகப் பொருத்தம் பார்த்ததில் பத்துக்கு ஒன்பது வந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும்தான் பார்த்தார்கள். சம்பந்திகளுக்குப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

மூன்று நாளும் மாமனார் குறை சொன்னார். காப்பி ஆறிப்போச்சு என்றார், பாயசத்தில் ஏலக்காய் தூக்கல் என்றார், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் தன்னைவிட வயசானது என்றார். பெண்ணைப் பெற்றவர் வாய்க்குக் கல்யாணம் முடியும்வரை பூட்டு. அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் நாங்கள் புக்ககம் கிளம்ப வேண்டும். வாசலில் கார் நிற்கிறது, என் டிரங்குப் பெட்டியை ஏற்றியாகிவிட்டது, நான் ஒரு காலை வாசல்படிக்கு வெளியே வைத்துவிட்டேன். அப்போது மாமனார் சீர்த் தட்டிலிருந்து ஒரு பருப்புத் தேங்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முனை ஒடிஞ்சதைக் கொண்டுவந்து ஜோடியில சேர்த்துட்டேளே. பொண்ணும் இப்படி எங்கேயாவது ஒடிஞ்சதாக்கும்?"

அப்பா அதை அவர் கையிலிருந்து மரியாதையாகத்தான் வாங்கினார். மாற்றிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் மாமனார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு காரின் மட்கார்டில் உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் ரத்தம். அத்தை கீழே கிடந்ததை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தாள்.

"பாத்தியோ, ஒரு கடலை உதிரலை," என்றாள் என்னிடம். மாமனார் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் காரில் ஏறிப் போனார்கள். என் புருஷன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், மூன்றாம் தரம் பார்ப்பதற்குள் கார் மூலை திரும்பிவிட்டது. என் டிரங்குப் பெட்டி புக்ககம் போய்ச் சேர்ந்தது. நான் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இரண்டு கிழங்கள் சண்டை போட்டதற்கு என் ஒன்பது கஜம் புடவைகள் எல்லாம் ஆரியசாலைக்குப் போகுமா?

போலீஸ் ஸ்டேஷனில் கல்யாண வீட்டு அடியை எழுதிக்கொள்ள மாட்டோம் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் மாமனாரைக் கோர்ட்டுக்குத் துரத்தியது என்று நினைக்கிறேன். வக்கீல் வைத்து வஞ்சியூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தாமே நேராக அன்யாயம், அதாவது புகார் மனு, கொடுத்தார். நெற்றியில் தையல் போட்ட டாக்டரின் சான்றையும், காகிதத்தில் சுற்றிய பருப்புத் தேங்காயையும் ஒப்படைத்தார். கோர்ட்டில் அதை வாங்கி, நூல் கட்டி, நம்பர் ஒட்டி, கேஸ் சாமான்களை வைக்கும் தொண்டி அறையில் வைத்தார்கள். அங்கே இருந்த கத்தி, கம்பு, சாராயப் பானைகளுக்கு நடுவில் அதற்கு மட்டும் எறும்பு வந்தது. தொண்டி காக்கும் குமாஸ்தா எங்கள் வக்கீலைப் பார்க்கும்போதெல்லாம், "சாரே, கேஸ் ஜயிக்கணுமெந்நில்லா, வேகம் தீர்ந்தால் மதி," என்று, ஜயிக்காவிட்டாலும் சீக்கிரம் முடிந்தால் போதுமெனக் கெஞ்சுவாராம்.

அடிக்கும்போது மிக அருகில் நின்றவள் நான் என்பதால் என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். சம்மன் வந்தது. இன்னாருடைய மனைவி, இத்தனை வயது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. இன்னாருடைய மனைவி என்று என்னை முதன்முதலில் எழுதியது அந்தச் சம்மன்தான். அதை எடுத்து என் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

"கேஸ் தீராம அந்தப் பொண்ணு என் படி ஏறப்படாது. நானா மன்னிச்சு, ராஜியில கையெழுத்துப் போட்டாத்தான் ஏறலாம்," என்று மாமனார் சபதம் செய்திருந்தார். கேஸோ வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போயிற்று. தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளை இல்லாமல் நான் தனியாக எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். மாமியார் மட்டும் நல்ல வெயிலடிக்கும் நாட்களில் என் பெட்டியைத் திறந்து புடவைகளைக் காயவைத்து மடிப்பு மாற்றி வைக்கிறாள் என்று சொல்லியனுப்பினாள். என் புருஷனுக்குப் பாங்கியில் வேலை. சாயங்காலம் பாங்கி விட்டதும் கரமனைக்கு பஸ் ஏறுவார். கரமனையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. எங்கள் தெரு முனையில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார், நான் எங்கள் ஜன்னலில் நிற்பேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர் பஸ்ஸில் திரும்பிப் போவார். அப்போது இன்னொரு தரம் பார்த்துக்கொள்வோம். கண்டக்டருக்கு எங்கள் கதை தெரியும். எங்கள் முனையில் மட்டும் விசில் ஊத நேரம் எடுத்துக்கொள்வார்.

இப்படியே எத்தனை நாள் ஓடியிருக்குமோ, பாங்கியில் அவரைப் பம்பாய்க்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை ரயில். செங்கோட்டை வழியாக மதராஸ் போய், அங்கிருந்து பம்பாய். முந்தின நாள் வெள்ளிக்கிழமை கேஸ் வாய்தா. அன்று கேஸ் முடிந்தால் நானும் ரயில் ஏறலாம். முடியாவிட்டால் அவர் தனியாகப் போவார், அங்கிருந்து லீவு கிடைத்து எப்போது வருவாரோ. அந்த ஜன்னலில் நின்றே எனக்கு நரைத்துவிடும் என்று தோன்றியது.

மகன் தனியாகப் போகிறான் என்றதும் மாமனார் இளகினார். நெற்றிக் காயமும் ஆறி, விபூதிப் பட்டைக்குக் கீழே மறைந்துவிட்டிருந்தது. ராஜி பேசலாம் என்று வக்கீல்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். சாதாரணக் காயம், இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டால் கோர்ட்டுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பேச்சு என்னவோ இன்னொரு நிச்சயதார்த்தம் போலவே நடந்தது. ராஜி மனுவில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது? பிள்ளை வீட்டார். பெண் வீட்டார் எத்தனை தட்டு கொண்டுவருவது? ஐந்து. பழம், வெற்றிலை, கற்கண்டு, வேஷ்டி, புதிதாக ஒரு ஜோடிப் பருப்புத் தேங்காய். நாயனம் வைக்கலாமா என்று மாமனார் கேட்டனுப்பினார். கோர்ட் வளாகத்தில் நாயனம் ஊதினால் அதற்குத் தனிக் கேஸ் வரும் என்று அவருடைய வக்கீலே சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை பாகை இளசா எடுங்கோ அக்கா. ஒரு கேஸே போறும்," என்றார் அப்பா. அத்தைக்கு அது மானக் குறைவு. முனகிக்கொண்டேதான் எடுத்தாள்.

எல்லாவற்றையும் பேசினார்கள், ஒன்றைத் தவிர. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். கோர்ட் பதினொரு மணிக்குக் கூடும். மாமனார் தம் வக்கீலிடம், பன்னிரண்டு அடிக்காமல் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன் என்றார். அப்பா எங்கள் வக்கீலிடம் அதையே சொன்னார். எங்கள் கேஸ் எப்போதும் மத்தியானம்தான் கூப்பிடப்படும், கவலை வேண்டாம் என்று இரண்டு வக்கீல்களும் சொல்லிவிட்டார்கள்.

நானும் அத்தையும் மட்டும் முன்னாலேயே போய்க் கோர்ட்டுக்குள் உட்கார்ந்தோம். சாட்சிக்கு ராகு காலம் கிடையாது என்பது அத்தையின் தீர்ப்பு. மற்றவர்கள் எதிரே காப்பிக் கிளப்பில். நல்ல வேளை வரும்வரை சம்பந்திகள் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா ஒரு கோடியிலும் மாமனார் மறு கோடியிலும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்களாம். மாமனார் தாம் கோர்ட்டில் பேசப்போகும் மன்னிப்புப் பிரசங்கத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாராம். என் புருஷன் இரண்டு மேஜைக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் காப்பிக்கும் காசு கொடுத்தார்.

மாஜிஸ்திரேட் மலையாளி. நல்ல மனுஷர். அன்று பன்னிரண்டு மணிக்கு அவர் எங்கேயோ ஸ்தல பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் ராஜியாகும் கேஸ்களை முதலில் கூப்பிடச் சொன்னார், பாவம், அந்தக் கட்சிக்காரர்களாவது சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும் என்று. முதல் கேஸ் எங்களுடையது.

சேவகர் வாசலில் நின்று மாமனார் பெயரைக் கூவினார். பதில் இல்லை. மாமனாரின் வக்கீல் எழுந்து தலையைச் சொறிந்தார்.

"எஜமானே, கட்சி எதிர்க்கவே உண்டு. ராகு காலம் கழிஞ்ஞால் உடனே ஹாஜராகும்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "ராகு ஈ கேஸில் கட்சியாணோ?"

கோர்ட்டே சிரித்தது. இரண்டாம் தரம் கூப்பிடச் சொன்னார். நான் எங்கள் வக்கீலின் பக்கம் சாய்ந்து, ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு பிரகாசம்.

"சும்மா இரு கொழந்தே. அன்யாயக்காரன் வரலைன்னா பிரதியை, அதாவது உன் அப்பாவை, விட்டுத்தான் ஆகணும், சட்டமாக்கும். ராஜியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஜயிச்சோம்!"

ஒரு வருஷமாக ஜயிக்காத மனுஷருக்கு அன்றைக்குத்தானா ஜயிக்க வேண்டும்! நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். தெருவுக்கு அந்தப் பக்கம் கிளப் வாசலில் அப்பா நின்றார். கையை ஆட்டி வா வா என்றேன். அவர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி, விரல்களை விரித்து, இன்னும் கொஞ்ச நேரம் என்று சைகை செய்து, எனக்குத் தைரியம் சொல்வதுபோல் சிரித்தார். உள்ளே மூன்றாம் தரம் கூவிக்கொண்டிருந்தார்கள். திரும்பி ஓடினேன்.

"அவா எதிர்க்கத்தான் இருக்கா! ரெண்டு பேரும்!" என்று கத்திவிட்டேன்.

"நிங்ஙள் ஆரா?"

"சாட்சி."

"ஆருடெ சாட்சி?"

இந்தக் கேள்வியை ஒரு வருஷமாக நானே கேட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டு பேருக்கும்தான்," என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, உட்காரச் சொன்னார். பிறகு எழுதினார். அன்யாயக்காரர் ஆஜராகாததால் பிரதியை விடுதலை செய்திருக்கிறது. தொண்டியை என்ன செய்வது என்று குமாஸ்தா எழுந்து கேட்டார். அழித்துவிடலாம் என்றார் மாஜிஸ்திரேட். எறும்புகள் அந்த உத்தரவை முன்பே நிறைவேற்றிவிட்டன, மிச்சம் நூலும் நம்பரும்தான் என்று குமாஸ்தா நிம்மதியாகச் சொன்னார்.

பன்னிரண்டு அடித்தது. ஊர்வலம் வந்தது. முன்னால் மாமனார், புது வேஷ்டி, பளிச்சென்ற விபூதி. பின்னால் அப்பா, ஐந்து தட்டுகள், தட்டு தூக்க அக்கிரகாரத்திலிருந்து நாலைந்து பேர், கடைசியில் என் புருஷன். லஞ்சம் கொடுக்க இவ்வளவு பகிரங்கமாக வருகிறார்களே என்று சேவகர் வாசலில் கையை விரித்துத் தடுத்தார். எல்லோரும் வராந்தாவிலேயே நின்றார்கள். எங்கள் வக்கீல் சிரித்த முகத்தோடு போய், கேஸ் தீர்ந்தது, விடுதலை என்றார்.

அப்பா முதலில் சந்தோஷப்பட்டுவிட்டார். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"தீர்ந்துதா? யார் தீர்த்தா?" என்றார் மாமனார். "நான் இன்னும் மன்னிக்கவே இல்லையே!"

"நீங்க வரலை, அதனால கோடதி விட்டுடுத்து," என்றார் எங்கள் வக்கீல்.

"கோடதி மன்னிச்சா அது கோடதியோட காரியம். அடி பட்டது யாரு? நான் ராஜியில கையெழுத்துப் போடாம என் சபதம் எப்படித் தீரும்? கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ."

"விட்ட ஆளைத் திரும்பப் பிடிக்க முடியாது. அந்த அடி தீர்ந்தது. புதுசா ஒரு அடி விழுந்தாத்தான் புதுக் கேஸ்," என்றார் வக்கீல். அலுத்துப்போய்ச் சொன்னதுதான். ஆனால் மாமனார் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்பவர். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"செரி. அடியுங்கோ."

"என்னது?"

"ஒரு அடி. உடனே கேஸ் கொடுக்கறேன், உடனே ராஜியாறேன். நேரமும் இப்போ நன்னாத்தான் இருக்கு."

"நான் அடிக்க மாட்டேன்! இப்போத்தான் விட்டிருக்கா என்னை!"

"அன்னிக்கு மட்டும் அடிக்கத் தெரிஞ்சுதோ? அடியும்!"

"மாட்டேன்!"

அடி என்று அவரும் மாட்டேன் என்று இவரும் குரல் ஏற ஏற, கிளம்பிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார். "ஞான் ஒந்நும் கண்டில்லா," என்று சொல்லிவிட்டு வேறு வழியாகப் போய்விட்டார். மாமனார் என் புருஷனைப் பார்த்தார். அவர் பிள்ளை வீட்டுக்காரர், சேர்த்தியில்லை. பெண் வீட்டார் கையால் விழ வேண்டும். அத்தையைப் பார்த்தார்.

"பாகு கிண்டறதுதான் என் வேலை. அடிக்கறது என் டிபார்ட்மெண்டு இல்லை," என்றாள் அத்தை.

நான் என் புருஷனைப் பார்த்தேன். சட்டைப் பையில் ரயில் டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றா, இரண்டா என்று தெரியவில்லை. அந்தக் கூம்பையும் என்னையும் ஒரே நாளில்தான் இந்தக் கேஸில் சேர்த்தார்கள். அதற்காவது எறும்பு வந்து விடுதலை கொடுத்தது.

தட்டிலிருந்து ஒரு பருப்புத் தேங்காயை எடுத்தேன்.

"மாமா, நான் பொண்ணாத்துக்காரிதானே? நான் அடிச்சாக் கேஸ் நிக்குமோ?"

மாமனார் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் வானத்தைப் பார்த்தார். "நிக்கும்," என்றார் மாமனார் தாமே. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவாமிக்கு முன்னால் குனிவதுபோல் தலையைக் குனிந்தார். கிட்டத்தில் பார்த்தபோது விபூதிக்குள் பழைய தழும்பு தெரிந்தது.

அடித்தேன். கூம்பு நொறுங்கி அவர் தலையிலும் தோளிலும் புது வேஷ்டியிலும் கடலையாகக் கொட்டியது. மாமனார் நிமிர்ந்தார், நெற்றியைத் தடவிப் பார்த்தார், உதட்டில் ஒட்டியிருந்த ஒரு கடலையை நாக்கால் எடுத்து மென்றார்.

"வெல்லம் நன்னாயிருக்கு," என்றார்.

பிறகு அந்தப் பிரசங்கம் முழுவதையும் பேசினார். மன்னிப்பின் மகிமை, குடும்பத்தின் பெருமை, கோபத்தின் கேடு. தலையிலிருந்து கடலை உதிர உதிரப் பேசினார். பேசி முடித்ததும் வக்கீல் கையிலிருந்த பழைய ராஜி மனுவில் 'சம்பந்தி' என்ற இடத்தை அடித்து 'மருமகள்' என்று மாற்றினார்கள். எந்தக் கோர்ட்டிலும் கொடுக்காத ஒரு கேஸுக்கு, எந்தக் கோர்ட்டுக்கும் போகாத ஒரு ராஜி. பிள்ளை வீட்டாராக மாமனார் முதலில் கையெழுத்துப் போட்டார், பிரதியாக நான் போட்டேன், சாட்சியாக அப்பா போட்டார். மிச்சமிருந்த ஒற்றைப் பருப்புத் தேங்காயை அத்தை உடைத்து வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் கொடுத்தாள், தொண்டிக் குமாஸ்தா இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் ஆரியசாலையில் படி ஏறினேன். என் பெட்டி எனக்காகக் கூடத்திலேயே காத்திருந்தது. அதற்கு மறுநாள் ரயில்.

பம்பாய் போய் ஒரு மாசம் இருக்கும். மாமனாரிடமிருந்து தபால் வந்தது. இவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அப்பா ஆரியசாலை பூரா சொல்லிண்டிருக்காராம், என் மாட்டுப்பொண்ணு எவ்வளவு பதவிசா அடிச்சா தெரியுமோ, பூ விழுந்த மாதிரி இருந்ததுன்னு. நீயும் அன்னிக்கு மெதுவாத்தானே தட்டினே?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஜன்னல், பஸ், தலை தீபாவளி எல்லாம் ஒரு தரம் வந்து போயிற்று.

"பாகுதான் இளசு," என்றேன். "நான் என்னால ஆன மட்டும் ஓங்கித்தான் அடிச்சேன்."